கரண்ட் வைக்கப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வந்து தாக்குகிற நோய் இல்லை. ஹெச்.பி.வி. வைரஸ் உடம்பில் தங்கி, கர்ப்பவாயில் இருக்கும் செல்களை மாற்றி, அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அந்த இடமும் வயிற்றைக் கிழித்துத் தேட வேண்டிய இடம் இல்லை. ஸ்பெகுலம் என்கிற விரித்துப் பார்க்கும் கருவியை வைத்து டார்ச் அடித்தால் கண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நோய், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகும் எங்கள் பெரியம்மாவுக்கு மூன்றாம் கட்டத்தில்தான் தெரிய வந்தது. அவரை மலையிலிருந்து இறக்கி, சோதனை, பேப்பர், ஸ்கேன், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) என்று ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு அலைந்தது நான் ஒருத்திதான். அடுத்து என்ன நடக்கும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எங்கே பணம் வீணாகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அரசுத் திட்டப்படி 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்கள் எல்லோருக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கர்ப்பவாய், மார்பு, வாய் மூன்றையும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30–49 வயதுப் பெண்களில் கர்ப்பவாய்ச் சோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட மேல்தான், இங்கேயும் நூற்றுக்குப் பத்தைத் தொடவில்லை. மலையில் என்ன நிலைமை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காப்பி பறிக்கிற மார்கழி, தை மாதத்தில் முகாம் போட்டால் யார் போவார்கள்? வருஷத்தில் நாலு காசு கையில் நிற்பதே அந்த இரண்டு மாதம்தான். போனாலும் பாதி நாள் உட்கார வேண்டும், மறைவான அறை இருக்குமோ இருக்காதோ, உள்ளே இருப்பது ஆம்பிளை டாக்டரோ என்ற கூச்சம். நோய் இல்லாதபோது சோதனை எதற்கு என்று பெரியம்மாவும் கேட்டார், மேஸ்திரியும் கேட்டார்.

அந்தச் சோதனை என்னவென்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஸ்பெகுலம் வைத்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பவாயில் ஒற்றி, ஒரு நிமிஷம் காத்திருந்து பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். வி.ஐ.ஏ. என்பார்கள். கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். லேப் தேவையில்லை, பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம், முடிவு அங்கேயே தெரிந்துவிடும். இது கண்துடைப்புச் சோதனை இல்லை. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ல் தொடங்கி செவிலியர்களை வைத்தே இதைச் செய்து பார்த்தார்கள். கர்ப்பவாய்ப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியானது. நம் பக்கத்து மலையடிவாரத்துப் பெண்களை வைத்து உலகத்துக்கே நிரூபித்துக் காட்டிய விஷயம் ஏற்காட்டுப் பெண்களுக்கு எட்டவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அந்தச் செல்கள் மாறும் இடம் உள்ளே போய்விடும் என்பதால் வி.ஐ.ஏ.வை மட்டும் நம்ப முடியாது. அவர்களுக்கு ஹெச்.பி.வி. பரிசோதனையோ, கர்ப்பவாய்ச் செல்களைச் சுரண்டி எடுத்து லேப்பில் பார்க்கும் பாப் ஸ்மியரோ கேட்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. பிறகு துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அப்புறம் துணியில் ரத்தக் கறை, அப்புறம் இடுப்பு வலி. "உடம்பு சூடு கண்ணு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பிறகு ரத்தம் வந்தாலும், மாத்திரைக்குக் கேட்காத நாற்றமுள்ள வெள்ளைப்பட்டாலும் அது சூடு இல்லை. சேலத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது புண்ணுக்கான மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தீர்ந்ததும் மறுபடியும் அதே மாத்திரை. ஒரு தடவைகூடப் படுக்க வைத்து உள்ளே பார்க்கவில்லை. மாதங்கள் போனது அங்கேதான். அதனால் எந்த டாக்டராக இருந்தாலும் நேராகக் கேளுங்கள்: "உள்ளே வைத்துப் பார்த்தீங்களா? கர்ப்பவாய் எப்படி இருக்கு?" பார்க்காமல் எழுதுகிற சீட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்து ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஸ்கேன் எடுத்துவிட்டு, "வயசாயிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம், எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். நாற்பத்தைந்தாயிரம் பேசி, முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். ரத்தம் குறைவாக இருந்ததால் ஆபரேஷன் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் எங்கள் ஊர் நர்சம்மா சுகாதார நிலையத்தில் ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "தொட்டாலே ரத்தம் வருது. எதையும் எடுக்க விடாதீங்க, நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பெரியம்மாவைக் காப்பாற்றியது. ஏனென்றால், கர்ப்பவாயில் புற்று இருப்பது தெரியாமல் சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், புற்று பாதி உள்ளேயே நிற்கும். பிறகு கரண்ட் வைப்பதும் சிக்கலாகிவிடும், உள்கரண்ட் (உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்) வைக்கக் கருவியைப் பொருத்தும் இடமே இல்லாமல் போகும். கூலி வேலை செய்யும் பெண்களுக்குத்தான் இந்த "எடுத்துடலாம்" எளிதில் சொல்லப்படுகிறது. பயாப்ஸி (சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது), குறைந்தது ஒரு பாப் ஸ்மியர் ரிப்போர்ட் கையில் இல்லாமல் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். நாங்கள் கட்டிய முன்பணம் திரும்பவில்லை.

பயாப்ஸி என்றதும் பெரியம்மா பயந்தார், சதையை வெட்டினால் பரவிவிடும் என்று. பரவாது. கர்ப்பவாயில் இரண்டு மூன்று இடத்தில் அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுக்கிறார்கள். மயக்க ஊசி தேவைப்படுவதில்லை, வயிற்றில் சுருக்கென்று இழுக்கும். அன்றைக்கு ரத்தம் கசியும் என்பதால் தடிமனான துணி, மாற்றுச் சேலை எடுத்துப் போங்கள். உடனே பஸ் ஏறிக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு போக வேண்டாம், ஒரு ராத்திரி கீழே தங்குவது நல்லது. எடுத்த சதை ஃபார்மலின் திரவத்தில் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், டப்பாவில் பேர், வயது, ஓ.பி. எண் எழுதியிருக்க வேண்டும். பச்சைத் தண்ணியிலோ சலைனிலோ போட்டால் சதை கெட்டுப்போய் மறுபடியும் எடுக்க வேண்டி வரும். ரிப்போர்ட் வாங்கும்போது பாரஃபின் பிளாக்கும் (எடுத்த சதையை மெழுகில் பதித்த கட்டி) ஸ்லைடும் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் "எங்க லேப்ல பாக்கணும்" என்பார்கள். பிளாக் கையில் இருந்தால் மறு பயாப்ஸி தேவையில்லை. இன்னொன்று: ரிப்போர்ட் வந்ததும் சொல்ல ஒரு போன் நம்பர் எழுதச் சொல்வார்கள். மலையில் டவர் கிடைக்காத நம்பரை எழுதினால் ரிப்போர்ட் மேஜையிலேயே கிடக்கும். கீழே இருக்கும் ஒருவர் நம்பரைக் கொடுங்கள், கூப்பிடட்டும் என்று காத்திராமல் நீங்களே போய்க் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று வந்தது, அதாவது புற்றுநோய்தான். அதைப் பார்த்த ஒரு இளம் டாக்டர், கூடியிருந்தவர்கள் முன்னால், "ஏம்மா, இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்த? முத்தவிட்டு வந்திருக்க" என்றார். பெரியம்மா பதில் சொல்லவில்லை, சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பதிலாக எனக்குத்தான் வாய்க்குள் எத்தனையோ வந்தது. அவர் ஒன்றும் சும்மா இருக்கவில்லை; காட்டினார், காசு கொடுத்தார், மாத்திரை சாப்பிட்டார். கிளினிக்குக்கும் நர்சிங் ஹோமுக்கும் நடுவில், ரிப்போர்ட்டுக்கும் வார்டுக்கும் நடுவில் காலம் கரைந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கருப்பினப் பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது, ஆனால் அதனால் சாகும் விகிதம் சுமார் 40 சதவீதம் அதிகம். நியூயார்க்கில் ஹார்லெம் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஹெரால்டு ஃப்ரீமன், 1990-ல் ஒரு ஏற்பாடு செய்தார்: இலவசச் சோதனையோடு, சந்தேகம் என்று வந்த நாளிலிருந்து சிகிச்சை முடியும் வரை நோயாளியோடு கூடவே வர ஒரு ஆள். பேப்பருக்கு, பஸ்ஸுக்கு, பயத்துக்கு எல்லாம் அந்த ஆள்தான். முன்பு அங்கே மார்புப் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து வருஷம் பிழைத்தவர்கள் 39 சதவீதம். பிறகு அது 70 ஆனது. ஏழைக்கும் வசதியானவருக்கும் வரும் புற்று ஒன்றுதான், வழியில் அவரவர் இழக்கும் நாட்கள்தான் வேறு. உங்கள் தெருவில் யாருக்காவது இப்படி வந்தால், பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவதைவிட அந்தக் கூட வரும் ஆளாக இருங்கள்.

இனி பேப்பர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. கீமோ, கரண்ட், ஆபரேஷன் எல்லாம் இதில் வரும். தேவை: குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாலுகா ஆபீசில் கையெழுத்தாகி வர வேண்டும். பிறகு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு. எங்களுக்குச் சிக்கல் பேரில் வந்தது. ஆதாரில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் வேறு மாதிரி. பெரியப்பா இறந்த பிறகும் அவர்தான் குடும்பத் தலைவர். இதைத் திருத்த வட்ட வழங்கல் அலுவலகம், அங்கே இறப்புச் சான்று, அது எங்கே என்று வீட்டைப் புரட்டியது தனிக்கதை. நோய் வரும்வரை யாரும் இதைப் பார்ப்பதில்லை. இன்றைக்கே வீட்டில் இருக்கும் அட்டையை எடுத்து, எல்லோர் பேரும் இருக்கிறதா, ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். பழங்குடியினர் சாதிச் சான்று இல்லை என்று சிலர் காத்திருக்கிறார்கள். அது கோட்டாட்சியரிடம் போய் வர நாளாகும், காப்பீட்டுக்கு அது தேவையே இல்லை. முக்கியமானது: அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் அனுமதி வாங்க வேண்டும். பயாப்ஸி ரிப்போர்ட்டும் ஸ்கேன் ஃபிலிமும் கேட்பார்கள். கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கட்டிய காசு வராது.

எம்.ஆர்.ஐ.யில் புற்று இடுப்புச் சுவர் வரை போயிருந்தது, இடது சிறுநீரகக் குழாயை அழுத்தி சிறுநீரகம் வீங்கியிருந்தது. மூன்று பி கட்டம் என்றார்கள். வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன். பிறகு ஒரு மூத்த டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார்: இந்தக் கட்டத்திலும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை கொடுக்கிறோம், ஆனால் ஆபரேஷன் இல்லை, கரண்டும் கூடவே கீமோவும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், மொத்தம் 25 கரண்ட், வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்து ஏற்றுவது, கடைசியில் மூன்று நான்கு முறை உள்கரண்ட். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இந்த எட்டு வாரக் கணக்கை மனதில் வையுங்கள். நாள் தள்ளிப்போகப் போகப் புற்று அடங்கும் வாய்ப்பு குறைகிறது. வீட்டு விசேஷம், சேர்வராயன் கோயில் திருவிழா, காப்பி பறிப்பு எதற்கும் நடுவில் விடுமுறை கிடையாது.

ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி ஏற முடியுமா என்று ஆரம்பத்தில் யோசித்தோம். 20 கொண்டை ஊசி வளைவு, கீமோ குமட்டல், மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கு: முடியாது. அதனால் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, "கரண்ட் மெஷினும் உள்கரண்டும் இங்கேயே இருக்கா, இல்லை வேற ஊரா? தங்க இடம் உண்டா?" என்பதுதான். வெளியூர் என்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969-ல் தொடங்கிய அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. ரயிலில் போனால், டாக்டர் கையெழுத்திட்ட சலுகைப் படிவம் கொடுத்தால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணமும் தள்ளுபடி, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். இந்தப் படிவத்தை யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தோம். சிகிச்சைக்கு ஒரு ரூபாய் கட்டவில்லை. அப்படியும் வாடகை, சாப்பாடு, ஆட்டோ, முதலில் வீணாய்ப் போன கிளினிக், நர்சிங் ஹோம் எல்லாம் சேர்ந்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. பெரியம்மாவின் கம்மலும் என் வளையலும் அடகுக்குப் போயின. இழந்த கூலியை இதில் சேர்க்கவில்லை. "இலவச சிகிச்சை" என்ற வார்த்தையை நம்பி வெறுங்கையோடு கிளம்பினால் பாதியில் திரும்ப வேண்டிவரும்; இரண்டு மாதத் தங்கல் செலவை முன்கூட்டியே திரட்டிக்கொள்ளுங்கள்.

கரண்ட் வைக்கும்போது வலிக்காது, பத்துப் பதினைந்து நிமிஷம்தான். தொடங்குமுன் ஸ்கேன் எடுத்து இடுப்பில் மையால் குறி போடுவார்கள். அது அழியக் கூடாது, தேய்த்துக் குளிக்கக் கூடாது, சோப்பும் எண்ணெயும் அந்த இடத்தில் வேண்டாம். பல இடங்களில் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள்: ஒண்ணுக்குப் போய்விட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து அரை மணி நேரம் அடக்கி உட்கார வேண்டும். பை நிறைந்தால் குடல் மேலே தள்ளப்பட்டு கரண்ட் படுவது குறையும், அதற்காகத்தான். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போகாமல் பார்ப்பார்கள், குறைந்தால் ரத்தம் ஏற்றுவார்கள். ரத்தம் கொடுக்க இரண்டு ஆளை முன்பே சொல்லி வைத்திருங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், அதனால் ஒவ்வொரு வாரமும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவு) பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அந்த ரத்தச் சோதனையை முந்தின நாளே கொடுத்துவிட்டால் கீமோ நாள் வீணாகாது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., மோர், குழைந்த சோறு, வாழைப்பழம். கீரை, பால், காரம் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம். போக்கு நிற்கவில்லை என்று கரண்டுக்குப் போகாமல் அறையிலேயே படுத்துவிடக் கூடாது, போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்குக்கு மருந்து உண்டு, விட்டுப்போன நாளைத் திரும்பப் பிடிக்க முடியாது.

பாதியில் ரத்தப்போக்கு நின்றுவிடும். இங்கேதான் நிறையப் பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெரியம்மாவும் "நின்னுடுச்சில்ல, போலாம் கண்ணு, விடு" என்றார். உள்கரண்ட் பாக்கி இருந்தது. அதில் ஒரு குழாய்க் கருவியைக் கர்ப்பப்பைக்குள் வைத்து, உள்ளிருந்தே புற்றின் மேல் கதிரைக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து அவ்வளவு கொடுத்தால் குடலும் மூத்திரப்பையும் தாங்காது. அதனால் உள்கரண்ட் இல்லாமல் சிகிச்சை முடிந்ததாகாது. கருவி வைக்கும்போது மயக்கமோ வலி மருந்தோ கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள், வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

முடிந்து வந்த பிறகு முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்து வருஷம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். பிறப்புறுப்பு ஒட்டிப்போகாமல் இருக்க டைலேட்டர் (உள்ளே வைத்து விரிக்கும் கருவி) பயிற்சி சொல்லித் தருவார்கள், உள்ளே பார்த்துச் சோதிக்கவும் அது தேவை, வெட்கப்பட்டு விட்டுவிட வேண்டாம். ஒரு வருஷம் கழித்து மலத்தில் ரத்தம் வந்தால் அது கரண்டின் பின்விளைவாகவும் இருக்கலாம், கரண்ட் வைத்த இடத்திலேயே காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை கரண்ட், எவ்வளவு அளவு, எத்தனை உள்கரண்ட் என்று இருக்க வேண்டும். அதை லேமினேட் செய்யாமல் ஜெராக்ஸ் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

பெரியம்மா இப்போது வீட்டு வேலை செய்கிறார், மிளகு காய வைக்கிறார், மேட்டில் சுமை தூக்குவதில்லை. வீட்டில் இருக்கும் இரண்டு மருமகள்களையும் சோதனைக்கு அனுப்பிவிட்டோம். நீங்களும் அனுப்பினால், அந்த மாதத்துத் தூர நாட்கள் முழுதாக முடிந்து சில நாள் கழித்துப் போகச் சொல்லுங்கள், எந்த நாளில் வி.ஐ.ஏ. பார்க்கிறார்கள் என்று சுகாதார நிலையத்துக்கு முதலில் போன் போட்டுக் கேளுங்கள். ரத்தம் படும் நாளில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எஸ்டேட்டுக்காரப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். அப்படித் திரும்பியவர் மறுபடி வருவது அபூர்வம்.